காத்திரு 33

எழுதியவர் கை விசைப்பலகையில் படக்கூடாது. கோவைப் பழைய கணினிச் சங்கத்தில் ஆட்கள் ஏழு பேர், சட்டங்கள் பதினான்கு. அவற்றில் பதின்மூன்றை யாரும் சட்டை செய்வதில்லை. இந்த ஒன்றை மீறினால் மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். நிரலை எழுதியவர் அதைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்ள வேண்டும். வேறொருவர்தான் அதை எழுத்தெழுத்தாகக் கணினியில் தட்ட வேண்டும். எழுதியவர் கை தன் பிழையைத் தானே நைசாகச் சரிசெய்துகொண்டு போய்விடும், அடுத்தவர் கைக்கு அந்தக் கரிசனம் கிடையாது என்பது சங்கத்தின் கணக்கு.

சுகந்தி மூன்று மாதமாகத் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். தட்டிக்கொண்டிருந்தவர் அவள் கணவர் சென்னியப்பன். ஒவ்வொரு எழுத்தையும் தேடி, கண்டுபிடித்து, இதுதானா என்று ஒருமுறை யோசித்து, அப்புறம் அழுத்துவார். பாலிடெக்னிக்கில் இருபத்தைந்து வருடமாகக் கணினிப் பாடம் எடுப்பவள் சுகந்தி. மாணவன் ஒருவன் இப்படித் தட்டினால் அவன் தலையில் குட்டாத குறையாக நிற்பாள். இவர் தட்டும்போது மட்டும் அவளுக்கு அவசரம் வராது.

"அடுத்து என்ன கண்ணு?"

"காத்திரு. ஒரு எடம் தள்ளி முப்பத்துமூணுங்க."

"கா... த்... இந்த 'த்' எங்க போச்சு?"

"உங்க சுண்டுவிரலுக்குக் கீழதான் இருக்குதுங்க."

அறுபது வருடத்துக்கு முந்தைய வீட்டுக் கணினி அது. விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கியிருக்கும். பழைய குண்டு டி.வி.யில் மாட்டினால் நீலத்திரை வரும். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் மிக்ஸி அரைக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு நிரல் உள்ளே ஏறும். அந்தப் பெட்டிக்கு சுகந்தி புதிதாக ஒரு மொழி செய்திருந்தாள். மொத்தம் இருபத்தாறு சொற்கள். நட, நில், எண்ணு, திரும்பு, காத்திரு என்று எல்லாமே தமிழ். எழுதுகிற நிரல் ஒரு டி.வி. திரைக்குள், இருபத்தைந்து வரிக்குள் முடிந்துவிட வேண்டும். இருபத்தாறாவது வரி எழுதினால் கணினி வாங்கிக்கொள்ளாது.

சங்கத்தில் மற்றவர்கள் பொழுதுபோக்குக்குத்தான் இந்த வேலையெல்லாம் செய்தார்கள். சுகந்தி செய்தது சென்னியப்பனின் மண்டைக்காக.

நாற்பத்தைந்து வயதில் அவருக்கு நடுக்குவாதம் வந்தது. வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வாய் பாதி வார்த்தையில் நின்றுவிடும். அப்போதுதான் காதுக்குப் பின்னால், எலும்புக்கு அடியில், நடைக்கருவி என்ற ஒன்றை வைத்தார்கள். இந்த அடி எடு, இப்போது அடுத்தது எடு என்று அது மூளைக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும். காலுக்கும் அதே தாளம், நாக்குக்கும் அதே தாளம். அதற்குள் இருந்த சில்லு, அதாவது சிப், ஒன்றும் புதுமையானதில்லை. அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் இருந்த அதே சில்லைத்தான் பொடியாக்கி வைத்திருந்தார்கள். சூடாகாது, கொஞ்சமாகச் சாப்பிடும், அதன் குணம் எல்லாருக்கும் தெரியும். மண்டைக்குள் வைக்க வேறென்ன வேண்டும்?

பதினோரு வருடம் அது ஒழுங்காக ஓடியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதன் உரிமத்தைக் கடல் கடந்து இருந்த கம்பெனி புதுப்பித்துத் தரும். போன வருடம் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மாசி பிறந்தால் உரிமம் தீர்ந்துவிடும், கருவி நின்றுவிடும். மண்டையைத் திறந்து வேறு வைக்கலாம், ஆனால் இந்த வயதில் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல மாட்டோம் என்றார்கள். மிச்சமிருந்தது ஒரே வழி. சொந்த நிரலை ஏற்றிக்கொள்ளலாம் என்று புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: உடம்புக்குள் ஓடப்போகும் நிரலை அந்த உடம்புக்கு உரியவர் தானே வரிவரியாகப் படித்து, மருத்துவர் முன்னால் அர்த்தம் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டும்.

சென்னியப்பன் பத்தாவது படித்தவர். மேட்டுப்பாளையத்தில் வாழைத்தார் ஏலம் கூறியவர். அவர் படிக்கிற மாதிரி ஒரு மொழி உலகத்தில் இல்லாததால் சுகந்தி ஒன்றைச் செய்யவேண்டி வந்தது. அதனால்தான் இருபத்தாறு சொல், அதனால்தான் ஒரே திரை. சோதித்துப் பார்க்கவும் அதே சில்லு உள்ள இந்தப் பழைய பெட்டிகளை விட்டால் கதியில்லை.

அன்று தட்டி முடித்து ஓடவிட்டதும் டி.வி. 'டிக், டிக்' என்று தாளம் போட்டது. சென்னியப்பன் எழுந்து ஹாலில் நடந்தார். ஒவ்வொரு டிக்குக்கும் ஓர் அடி விழுந்தது. கருவியின் தாளமும் பெட்டியின் தாளமும் இம்மி பிசகவில்லை. சுகந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. சோதனை நோட்டில் 'முதல் வீடு: சரி' என்று எழுதினாள்.

அந்த நடையின் மேல் அவளுக்கு இருந்த ஆசையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில், யாரென்று தெரியாத ஒருவரிடம் காந்திபுரம் பஸ் போய்விட்டதா என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு காந்திபுரம் பஸ் வந்து நின்று போய்விட்டது. இரண்டு பேருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. நாற்பத்திரண்டு வயதுவரை கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவள், தன்னைச் சுற்றி எல்லாரும் எதற்கோ ஓடிக்கொண்டே இருப்பதில் களைத்துப்போனவள், இந்த ஆளோடு நடந்தால் மூச்சு வாங்காது என்று அன்றைக்கே நினைத்துவிட்டாள். ஒன்பது வருடமாகக் குளத்துக்கரையில் தினமும் காலை நாற்பது நிமிடம் நடக்கிறார்கள். ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை.

ஐந்து வீட்டுப் பெட்டியில் ஓடினால்தான் நிரல் தேறியதாக அர்த்தம் என்பது சங்கத்தின் இன்னொரு வழக்கம். நான்கு வீட்டில் தேறியது. ஐந்தாவது, சங்கத்து உறுப்பினர் இதயத்துல்லா உக்கடத்தில் வைத்திருந்த டி.வி. பழுதுபார்க்கும் கடை. அவர் பெட்டி அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்து ஓரங்கட்டிவிட்டுப் போனது; நம் மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்பார்மரை நடுவில் மாட்டினால்தான் உயிர் வரும். இதயத்துல்லா தானே தட்டினார். தொலைக்காட்சி தாளம் போடத் தொடங்கியதும் சுகந்தி நிமிர்ந்தாள். டிக்டிக், டிக்டிக் என்று யாரோ துரத்துகிற மாதிரி இருந்தது.

"நம்பரை மாத்தி அடிச்சுட்டீங்களாட்ட இருக்குது."

"முப்பத்துமூணுதானுங்க்கா. நீங்களே பாருங்க."

சரியாகத்தான் இருந்தது. வரிவரியாக ஒப்பிட்டார்கள். இதயத்துல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார்.

"நூத்தொம்பது வருது. உங்க வீட்டுல எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "அப்படின்னா வெசயம் இதுதானுங்க்கா. இந்தப் பெட்டிக்குக் கடியாரம்னு தனியா ஒண்ணும் கிடையாது. டி.வி.க்கு அனுப்பற படத்தை எண்ணித்தான் நேரம் பாக்கும். ஒரு படம்னா ஒரு துடிப்பு. நம்ம ஊர் டி.வி. செகண்டுக்கு அம்பது படம் காட்டும். அமெரிக்காக்காரன் டி.வி. அறுபது. உங்க முப்பத்துமூணு துடிப்பு இங்க வெரசா தீந்துருது, அவ்வளவுதான்."

"அப்ப உங்க பெட்டிதான் தப்பு."

"பெட்டி ரெண்டும் சரிதானுங்க்கா. அந்த நம்பர் எந்த ஊர்ல பொறந்துச்சுன்னு பாருங்க."

முப்பத்துமூன்றை சுகந்தி கண்டுபிடிக்கவில்லை. பழைய கருவிக்குள் இருந்த நிரலைப் படித்து, அதில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தாள். கருவியின் சில்லும் நேரம் பார்ப்பது அதே துடிப்பை எண்ணித்தான். கம்பெனி அறுபது துடிக்கிற நாட்டில் இருந்தது. நம் ஊருக்கென்று ஐம்பது துடிக்கிற கருவியைச் செய்து அனுப்பியவர்கள், எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள்.

"எழுதுனது அறுபதுல," என்றார் இதயத்துல்லா மெல்ல. "ஓடறது அம்பதுல. பதினோரு வருசமாவா?"

சுகந்தி கேசட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரிக் கோப்பைப் பிரித்தாள். கருவி வைப்பதற்கு முன் எழுதிய தாளில் இருந்தது: நோய்க்கு முந்தைய இயல்பான நடை, நிமிடத்துக்கு 109. ஆதாரம், தங்கையின் கல்யாண வீடியோ. வைத்த பிறகு எழுதிய தாளில்: 91, நிற்காமல் நடக்கிறார், திருப்தி. பாக்கியை நோயின் கணக்கில் எழுதிவிட்டிருந்தார்கள். நிற்காமல் நடந்தாரே, அதுவே பெரிது.

நாத்தனார் பரிமளா எப்போதோ அந்த வீடியோவை அனுப்பியிருந்தாள். சுகந்தி அதில் நகையையும் புடவையையும் பார்த்திருக்கிறாள். இப்போது பந்தியைப் பார்த்தாள். ஒரு மனிதர் இரண்டு கையிலும் சாம்பார் வாளியோடு இலை வரிசைக்கு நடுவில் போகிறார், வருகிறார், திரும்பிப் பார்த்து யாரையோ கிண்டல் செய்கிறார், அந்தப் பக்கம் சிரித்து முடிப்பதற்குள் இவர் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார். வீடியோவைத்தான் யாரோ வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். பின்னால் மற்றவர்கள் சாதாரணமாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆளை அவளுக்குத் தெரியாது.

திருத்தம் ஒரே ஒரு எண்தான். ஐம்பது துடிப்புக்கு முப்பத்துமூன்றுக்குப் பதில் இருபத்தெட்டு. அவள் திருத்தவில்லை. முப்பத்துமூன்று இத்தனை வருடம் ஓடியிருக்கிறது, யாருக்கும் குறையில்லை, ஓடுகிற வண்டியை எதற்கு நோண்ட வேண்டும் என்று தனக்குத் தானே வாதாடிக்கொண்டாள். படித்துப் புரிந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றுதானே சட்டம்? முப்பத்துமூன்றையும் அவர் படிப்பார், புரிந்துகொள்வார், போடுவார். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. வாய்க்கு ருசியில்லாமல் சாப்பிட்டாள்.

சென்னியப்பன் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி தாளை வைத்துக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார். செவ்வாய் சாயந்திரம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எல்லா வரியும் வந்துருச்சு கண்ணு. இந்த முப்பத்துமூணு மட்டும் மனசுல நிக்க மாட்டேங்குது. டாக்டர் கேட்டா என்னன்னு சொல்றது?"

"கம்பெனி வச்ச நம்பர்னு சொல்லுங்க."

"அது சரி. அவன் எதுக்கு முப்பத்துமூணு வச்சான்?"

"பால் பொங்குதுங்க," என்று திரும்பிக்கொண்டாள். அடுப்பில் பாலே இல்லை. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளை இரவெல்லாம் அறுத்தது.

புதன்கிழமை காலை குளத்துக்கரையில், மூன்றாவது பெஞ்சு தாண்டியதும் சொல்லிவிட்டாள். ஐம்பது, அறுபது, டி.வி., கல்யாண வீடியோ எல்லாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள். நீர்க்கோழி ஒன்று முங்கி எழுந்தது. அவர் நடையை நிறுத்தவில்லை. அதே தொண்ணூற்றொன்றில் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். அடுத்த பெஞ்சு வந்ததும் ஆரம்பித்தார்.

"ஏலக் களத்துல என்னைய வேண்டாம்னு சொன்னாங்கல்ல. நான் ஒரு தாருக்கு வெலை சொல்றதுக்குள்ள பக்கத்துக் களத்துல மூணு தாரு போயிரும். நோவு தின்னுட்டுப் போயிருச்சுன்னு நெனச்சு விட்டுட்டேன்." அப்புறம், "அது நோவு இல்லயா?" என்றார்.

"இல்லீங்க."

"நீ எப்பத் தெரிஞ்சுட்ட?"

"ஞாயித்துக்கெழமை."

"இன்னைக்குப் புதன்."

"ஆமாங்க." "பயமா இருந்துச்சுங்க. எனக்குத் தெரிஞ்ச ஆளு முப்பத்துமூணுங்க. இருபத்தெட்ட எனக்குத் தெரியாது."

அவர் அதை மெதுவாக யோசித்தார். அவருக்கு வேறு மாதிரி யோசிக்கவும் வழியில்லை.

"எனக்குந்தான் தெரியாது கண்ணு. அவனைப் பாத்துப் பதினோரு வருசமாச்சு."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆட்கள் எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். சென்னியப்பன் தட்டினார், சுகந்தி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அச்சடித்த தாளில் அந்த இடத்தை அவள் காலியாக விட்டிருந்தாள். அவர் 'காத்திரு' வரைக்கும் வந்து, விரலை எடுத்து, அவள் பக்கம் திரும்பினார். போடுங்க என்று அவள் தலையசைத்தாள். இரண்டைத் தேடி அழுத்தினார். எட்டைத் தேடி அழுத்தினார்.

ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருத்தி வரிவரியாகக் கேட்டாள். அவர் திக்காமல் சொன்னார். கடைசிக்கு முந்தைய வரியில் அவள் பேனாவை வைத்தாள்.

"இந்த காத்திரு 28?"

"ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இருக்கிற நேரமுங்க. மொதல்ல முப்பத்துமூணு இருந்துச்சு. அது வேற ஊரு நேரமுங்க."

கையெழுத்துப் போட்டார். காதுக்குப் பின்னால் ஒரு கம்பிச் சுருளை ஒட்டி, டேப் ரிக்கார்டரை ஓடவிட்டார்கள். மிக்ஸிச் சத்தம் இரண்டு நிமிடம் அவர் எலும்பு வழியாக உள்ளே போனது. முடிந்ததும் எழுந்தார். சுகந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அறையில் அவர் இல்லை. லிஃப்ட் வாசலில் நின்று, "வா கண்ணு வா, என்ன பண்ணீட்டு இருக்கற," என்று ஒரே மூச்சில் கூப்பிட்டார். அவர் குரலில் அத்தனை வார்த்தைகளை ஒன்றாக அவள் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் அவரை மேட்டுப்பாளையத்துக் களத்தில் ஏலம் கூறக் கூப்பிட்டார்கள். பரிமளா அழுதுகொண்டே போன் செய்தாள். "எங்கண்ணன் திரும்பி வந்துட்டாருங்க அண்ணி. களத்துல நின்னு கேட்டனுங்க. அதே வாயி." சுகந்திக்கும் அழுகை வந்தது. சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை. களத்துக்கு அவளும் போய்ப் பார்த்தாள். தார்களுக்கு நடுவில் பாய்ந்து, வியாபாரிகளை வாரிவிட்டு, ஒருதரம் ரெண்டுதரம் என்று அடுக்கி, வேட்டி மடிப்புக் கலையாமல் நின்ற அந்த மனிதர் அழகாகத்தான் இருந்தார். பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருந்திருந்தால் பார்த்ததும் மயங்கியிருப்பாள். ஐம்பத்தொரு வயதில், கணவரிடம் புதிதாக அறிமுகம் செய்துகொள்ளக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் அவள் ஆரம்பிக்கும் வாக்கியத்தை அவர் முடித்துவைத்தார். காபி ஆறுவதற்கு முன் குடித்தார். காலை நடையில் இருபது அடி முன்னால் போய், பெஞ்சைத் தொட்டு, அவிழ்த்துவிட்ட நாய்க்குட்டி மாதிரி திரும்பி வந்து, மறுபடி முன்னால் போனார். எட்டிப்பிடிக்கப் பார்த்தால் அவளுக்கு முழங்கால் வலித்தது. "முன்னால போங்க, நான் வர்றேன்," என்று சொல்லப் பழகிக்கொண்டாள். ஒன்பது வருடமாகத் தன் பக்கத்தில் நடந்தது ஓர் எழுத்துப்பிழை என்று நினைக்கும்போது மட்டும் நெஞ்சு வலித்தது. பிழையைப் போய் யாராவது இத்தனை நேசிப்பார்களா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

நிரல் ஏற்றிய இருபத்திரண்டாம் நாள் காலை, மூன்றாவது பெஞ்சைத் தாண்டும்போது அவர் பக்கத்திலேயே இருப்பதைக் கவனித்தாள். வாய்க்குள் எண்ணினாள். பழக்கம் விடுமா? தொண்ணூற்றொன்று. மறுநாளும் தொண்ணூற்றொன்று.

வேறென்ன இருக்க முடியும்? கருவி தடுமாறுகிறது. இன்றைக்குத் தொண்ணூற்றொன்று என்றால் நாளை எழுபது, அப்புறம் ஒருநாள் வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் சோதனை நோட்டைப் பிரித்தாள். பிழை, காரணம், திருத்தம் என்று அதில் மூன்று பத்திகள். முதல் பத்தியில் 'நடை தானாகக் குறைகிறது' என்று எழுதினாள். அந்த நோட்டில் ஒரு பிழையை எழுதிவிட்டால், காரணம் எழுதி இன்னொரு உறுப்பினர் கையெழுத்துப் போடும்வரை அதைக் கோடு போட்டு அடிக்க முடியாது.

ஐந்து வீட்டிலும் மறுபடி ஓட்டினாள். இதயத்துல்லா கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிழையே இல்லை, அச்சு மாறாமல் ஓடியது.

"நெரல் மேல தப்பு இல்லீங்க்கா. உள்ள பதிவு இருக்குதுல்ல, அதை எடுத்துப் பாருங்க."

மொழியைச் செய்யும்போதே அவள் ஒரு கணக்கையும் உள்ளே வைத்திருந்தாள். தாளம் வந்தும் கால் எழாத தடவைகளை மணிவாரியாக எண்ணிவைக்கும். பெயர் 'தவறிய அடி'. சென்னியப்பனைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, காதுக்குப் பின்னால் சுருளை ஒட்டி, பதிவைக் கேசட்டில் இறக்கினாள். நீலத்திரையில் வரிசையாக எண்கள் ஏறின.

களத்தில் நின்ற நேரம் முழுக்க சைபர். பஸ்ஸில், கடைவீதியில், வீட்டில் சைபர், சைபர், ஒன்று, சைபர். காலை ஆறு மணிக்கு நேராக மட்டும் அறுநூற்று நாற்பது. முந்தின நாள் ஆறு மணிக்கு அறுநூற்று முப்பத்தெட்டு. வேறெங்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை.

கருவி நாற்பது நிமிடமும் இருபத்தெட்டில்தான் தாளம் போட்டிருக்கிறது. கால்தான் கேட்கவில்லை.

"ஏனுங்க," என்றாள். "காலையில நடக்கறப்ப கால் மக்கர் பண்ணுதுங்களா?"

"இல்லியே."

"அறுநூத்து நாப்பது அடி தவறியிருக்குதுங்க. பொய் சொல்லாதீங்க, எனக்குப் பயமா இருக்குது."

மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தார் அவர். இதயத்துல்லா எழுந்து, டிரான்ஸ்பார்மரைப் பார்க்க வேண்டும் என்று வாசல் பக்கம் போனார். அந்த வீட்டில் டிரான்ஸ்பார்மர் கிடையாது.

"தவறல கண்ணு. நான்தான் விட்டர்றேன். ஆறேழு அடி அது சொல்ற மாதிரி எடுத்து வச்சுட்டு, ஒரு அடியைப் பிடிச்சு வச்சுக்குவேன். அது எடு எடுன்னு உள்ள இடிக்கும். இடிச்சா இடிக்கட்டும்னு இருந்துக்குவேன். அப்பத்தான் உன்கூட வர முடியுது."

தாளத்தை விட்டால் கால் நின்றுவிடுகிற நோய் அது. அந்தப் பயத்தை அவர் தினமும் அறுநூற்று நாற்பது முறை தாண்டியிருக்கிறார்.

"நின்னு போயிருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"நின்னா நீதான் பக்கத்துல இருக்கறயே."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியை இழுத்தாள். "திரையில ரெண்டு வரிக்கு எடம் இருக்குது. காலையில ஆறு மணியிருந்து ஏழு மணிவரைக்கும் மட்டும் முப்பத்துமூணுன்னு போட்டர்றேன். உங்களுக்கும் இடிக்காது."

அவர் அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். சங்கத்துச் சட்டப்படியும் அது அங்கே இருக்கக்கூடாதுதான்.

"வேண்டாங் கண்ணு. ஒம்பது வருசம் உன்கூட நடந்தது அந்த மிசினு. நான் இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியபோது சோதனை நோட்டு கை மாறிக்கொண்டே வந்தது. 'நடை தானாகக் குறைகிறது' என்ற பிழைக்கு நேராக, காரணம் என்ற பத்தியில் சுகந்தி 'சென்னியப்பன்' என்று எழுதியிருந்தாள். திருத்தம் என்ற பத்தியில் 'தேவையில்லை'. இதயத்துல்லா அதை இரண்டு தடவை படித்தார். பேனா கேட்டு வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டு, நோட்டை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு, விசைப்பலகையில் கை வைத்த குற்றத்துக்கு சுகந்தி அக்கா இன்றைக்கு எல்லாருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும் என்று அறிவித்தார்.